முதல் செலவு நீச்சல் குளத்துக்கு

முக்குளிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது மூச்சடக்கம்தான். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து அடிக்கடலுக்கு இறங்கினார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். அந்தக் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும், கூடப் பிறந்தவள் தாலி அறுப்பதற்கு அவன் சம்மதிக்கமாட்டான் என்று கரையில் சொல்வதுண்டு. அந்தத் தொழிலில் கெட்டிக்காரர் என்றால் நெடுநேரம் மூச்சை நிறுத்தத் தெரிந்தவர் என்று பொருள். ஸ்கூபா மையத்தின் முதல் வகுப்போ இதற்கு நேர் எதிரான விதியோடு தொடங்குகிறது: தண்ணீருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதீர்கள். முத்துக் குளித்தவர் கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போனார். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பியது. ஸ்கூபாவில் போகிறவர் பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து காற்றை இழுக்கிறார். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதுபோல் இருமடங்கு. நுரையீரலில் ஐந்து லிட்டர் நிரம்பியிருக்கும்போது பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு மேலே பாய்ந்தால், மேற்பரப்பை எட்டுவதற்குள் அந்த ஐந்து லிட்டர் பத்து லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. கிழிந்த இடத்தின் வழியாகக் காற்றுக்குமிழ் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நெஞ்சு நிறையக் காற்றோடு மூச்சை அடக்கினால், ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழத்திலிருந்து எழும்போதே நுரையீரல் காயப்படலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயந்தால் மூச்சைப் பிடிப்பது உடம்பின் இயல்பு. அதை விடச் சொல்வது பயிற்சியின் வேலை. எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியும் அந்த வேலையைச் செய்துதராது. ஆனால் சென்னையிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா கற்க நினைக்கும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைப் பற்றியது: "எந்த ரெகுலேட்டர் நல்லது?" மையங்களை எடைபோடும்போதும், கருவிகள் புதியவையா, படகு பெரியதா, நீருக்கடியில் படம் எடுத்துத் தருவார்களா என்றுதான் பார்க்கிறார்கள். என் கருத்து வேறு. ஸ்கூபாவில் கருவி நம்மைக் காப்பது, நம் கைக்கு அது எவ்வளவு பழகியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான். ஆகவே முதல் பணமும் முதல் நேரமும் ஆழம் குறைந்த நீரில் செய்யும் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒரு மையத்தின் தரத்தையும் அது நம்மைக் குளத்தில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் முதலில் மதிப்பிட வேண்டும்.

வெறும் அபிப்பிராயமாக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து இயங்கும் டான் என்ற அமைப்பு, ஸ்கூபா விபத்துகளைப் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து ஆராய்ந்துவருகிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 மரணங்களை அலசி அதன் ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மரணத்திலும் சிக்கல் எதில் தொடங்கியது என்று தேடினார்கள். தொடக்கம் இன்னது என்று தெரிந்த சம்பவங்களில் 41 சதவீதம் காற்று தீர்ந்துபோனதில் ஆரம்பித்தவை. எங்காவது மாட்டிக்கொண்டது 20 சதவீதம். கருவியில் வந்த கோளாறு 15 சதவீதம். அடுத்த கட்டத்தையும் பார்த்தார்கள்: சிக்கலை ஆபத்தாக மாற்றியது எது? இங்கே அவசரமாக மேலே ஏறியது 55 சதவீதத்தில் வந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வரிசை தெரிகிறது. காற்று தீர்கிறது, பதற்றம் வருகிறது, மேலே பாய்கிறார்கள். இந்தக் கணக்கு நம் கரையில் எடுத்ததில்லை என்று ஒருவர் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அழுத்தமும் நுரையீரலும் வங்கக் கடலில் வேறு விதமாக நடந்துகொள்வதில்லை. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் முள் ஒவ்வொருவர் இடுப்போரத்திலும் தொங்கும்போதே காற்று தீர்ந்துபோகிறது என்றால், குறை முள்ளில் இல்லை. அதைப் பார்க்கும் பழக்கம் ஏற்படவில்லை.

அந்த முள்ளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயிற்சி ஏன் பெரிது என்று இன்னும் தெளிவாகும். மையங்களில் அதிகம் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் கரையில் 2,200 லிட்டருக்குச் சமம். 50 பாரை மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பது பொதுவான விதி. எனவே செலவுக்கு 1,650 லிட்டர். நிதானமாக இருக்கும் ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரில் அது 40 லிட்டர், 18 மீட்டரில் 56, 30 மீட்டரில் 80. ஆக, அதே சிலிண்டர் பத்து மீட்டரில் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 30 மீட்டரில் இருபது நிமிடம்தான். இது நிதானமானவரின் கணக்கு. கைகால்களை அடித்துக்கொண்டு, மேலும் கீழும் அலைந்து, அரைப் பயத்தில் இருப்பவர் சாதாரணமாக இதுபோல் இருமடங்கு இழுப்பார். அவருக்கு 18 மீட்டரில் கால் மணி நேரம்கூட மிஞ்சாது. விலை உயர்ந்த ரெகுலேட்டர் வாங்கினால் இதில் என்ன மாறும்? சிலிண்டரின் 200 பாரை ரெகுலேட்டரின் முதல் கட்டம் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் சுமார் பத்து பாராகக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் கட்டம் நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. பிரான்சின் கூஸ்தோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவியின் அடிப்படை இதுதான். இன்றைக்கும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. நல்ல ரெகுலேட்டரில் மூச்சு இழுப்பது எளிதாக இருக்கும். ஆனால் பயந்தவர் இழுப்பதை அது குறைப்பதில்லை, கேட்ட அளவைக் கொடுக்கத்தான் அது இருக்கிறது.

மிதப்பு விஷயத்திலும் இதே கதைதான். புதிதாக வருபவர் இறங்க முடியாமல் தத்தளித்தால், இடுப்பில் இன்னும் இரண்டு கிலோ ஈயத்தைக் கட்டிவிடுவது மையங்களுக்குச் சுலபமான தீர்வு. உண்மையில் அவர் இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் நெஞ்சு நிறையக் காற்றைப் பிடித்துவைத்திருப்பதுதான். முழுக்க மூச்சை விட்டாலே உடம்பு மெல்ல அமிழும். கூடுதல் ஈயத்தோடு இறங்கியவர், அதை ஈடுகட்ட பிசிடி என்ற காற்றுச் சட்டையில் கூடுதலாகக் காற்றை அடைக்கிறார். அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் சுருங்கும், விரியும். ஒரு மீட்டர் மேலே வந்தாலே சட்டை உப்பி இன்னும் மேலே இழுக்கும். பதறிக் காற்றை வெளியேற்றினால் கல்லைப் போல் கீழே போவார். இப்படியே ஏறி இறங்கி, பவளத்தை உதைத்து, மணலைக் கிளப்பி, சிலிண்டரையும் காலிசெய்துவிடுவார். சரியான ஈயம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் சோதனை எளிது. சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, பிசிடியைக் காலியாக்கி, இயல்பான மூச்சோடு செங்குத்தாக நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் அமிழ வேண்டும். நல்ல பயிற்றுநர் இதற்காகக் கால் மணி நேரம் ஒதுக்குவார். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம்பிடிக்கும் மையத்தில் எவ்வளவு புதிய பிசிடி மாட்டியிருந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

கருவியே வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே சொந்தமாக வைத்திருக்க வேண்டியது மாஸ்க். முகத்துக்கு முகம் மாறுவது அது ஒன்றுதான். பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, மூக்கால் லேசாக உறிஞ்சினால் கையை எடுத்த பின்னும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம் ஊரில் மீசை ஒரு உண்மையான சிக்கல். சிலிக்கான் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மயிர் இருந்தால் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீச்சல் கண்ணாடி இங்கே உதவாது. ஆழத்தின் அழுத்தத்தைச் சமப்படுத்த மூக்கு வழியாக உள்ளே காற்று விட வேண்டியிருப்பதால், மூக்கும் கண்ணாடிக்குள் இருந்தாக வேண்டும். ஆனால் மிகப் பொருத்தமான மாஸ்க்கிலும் ஒருநாள் தண்ணீர் புகும்; கூட வருபவரின் கால் பட்டுக் கழன்றும் போகலாம். அப்போது கண்ணில் உப்புநீர், மூக்கில் உப்புநீர். நம்மையறியாமல் மூக்கால் மூச்சிழுத்துப் புரையேறினால், மேலே பாய்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. மாஸ்க் இல்லாமல் வாயால் மட்டும் மூச்சுவிட்டபடி குளத்தில் ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, பிறகு திரும்ப மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றும் பாடம் இதற்காகத்தான். பலர் வெறுக்கும் பாடம் இது. ஒருமுறை ஒப்பேற்றியதும் பயிற்றுநர் கைகுலுக்கி அடுத்ததற்குப் போய்விட்டால் மாணவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் பின்னால் 18 மீட்டர் ஆழத்தில் பதற்றமாக வந்து நிற்கும். பத்து முறை செய்து, சலித்துப்போகும் அளவுக்குச் செய்ய வேண்டிய பாடம் அது.

பயிற்சிதான் முதலில் என்பதற்கு வரும் முதல் எதிர்வாதம் சுற்றுலா போகிறவர்களுடையது. அந்தமானிலோ திரிகோணமலையிலோ நீச்சல்கூடத் தெரியாதவர்கள் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு கடலில் இறங்கிச் சிரித்த முகத்தோடு திரும்புகிறார்களே, பிறகு எதற்கு இத்தனை நாள் பயிற்சி? அந்த அனுபவ டைவ் மோசமானதென்று நான் நினைக்கவில்லை. கடலை முதன்முதலாக உள்ளிருந்து பார்க்க அது நல்ல வழி. ஆனால் அங்கே உங்கள் மிதப்பைப் பார்ப்பவர் பயிற்றுநர், காற்றைப் பார்ப்பவர் அவர், ஆழத்தைத் தீர்மானிப்பவரும் அவர். ஆழத்துக்கு 12 மீட்டர் என்று வரம்பு வைத்திருப்பதும் அதற்காகத்தான். அதாவது, அங்கே உங்கள் உயிர்க் கருவி அந்த மனிதர். மச்சான் கையில் இருந்த கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இரண்டு மூன்று முறை போனதும், தனக்கு ஸ்கூபா வந்துவிட்டது என்று ஒருவர் நினைப்பதில்தான் ஆபத்து. சான்றிதழ் வாங்கியவர் தன்னைப் போன்ற இன்னொருவரோடு, பயிற்றுநர் இல்லாமல், 18 மீட்டர் வரை இறங்க அனுமதி பெறுகிறார். அங்கே அவர் தன் காற்றையும் பார்க்க வேண்டும், கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் ஆக்டோபஸ் எனப்படும் மஞ்சள் நிற மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்து, இருவருமாக மெதுவாக ஏறவும் வேண்டும். கயிறு பிடிப்பவரும் குளிப்பவரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்.

இன்னொரு வாதம் சற்று வலுவானது. பாடி, எஸ்எஸ்ஐ போன்ற பெரிய அமைப்புகள் உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன. 200 மீட்டர் நீச்சல், பத்து நிமிட மிதப்பு, குளப் பாடங்கள், கடலில் நான்கு டைவ். எல்லா மையமும் இதைத்தானே செய்கிறது, விலை குறைந்ததைப் பிடித்தால் என்ன? பாடங்களின் பட்டியல் எங்கும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் திடமாகச் செய்ய வேண்டும் என்றுதான் அந்த விதிகள் கேட்கின்றன. திடம் என்பதைத் தீர்மானிப்பது பயிற்றுநரின் கண். எட்டு மாணவரை ஒருவரே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கும் இடத்தில் நால்வரோடு நிறுத்திக்கொள்ளும் மையமும் உண்டு, எட்டையும் நிரப்பும் மையமும் உண்டு. ஐந்து குளப் பாடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடும் இடமும் உண்டு, மூன்று நாளுக்குப் பரப்பும் இடமும் உண்டு. சான்றிதழ் அட்டையில் இந்த வித்தியாசம் அச்சாவதில்லை. உள்ளூர் மையத்தின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இது முக்கியக் காரணம். விடுமுறைக்கு வந்தவரின் விமானம் நாளை மறுநாள். அவரை முடித்து அனுப்பியாக வேண்டும். உள்ளூர்க்காரர் அடுத்த சனிக்கிழமை திரும்ப வரலாம். "இன்னும் இரண்டு முறை குளத்துக்கு வாங்க" என்று சொல்லும் சுதந்திரம் பயிற்றுநருக்குக் கிடைக்கிறது.

அப்படியென்றால் கலங்கல் நீரில் கற்க வேண்டுமா என்று கேட்பார்கள். சோழமண்டலக் கரையில் தண்ணீர் பல நாள் தெளிவில்லாமல்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். ஆற்று முகங்களிலிருந்து வண்டல் வரும். சில காலத்தில் சொறிமீன் கூட்டம் வேறு. முதல் டைவில் கை நீட்டினால் விரல் தெரியாத நிலை இருந்தால் பயம் கூடும், இதில் சந்தேகமில்லை. ஆனால் குளப் பயிற்சிக்கும் வகுப்புக்கும் கடல் தெளிவோடு சம்பந்தமில்லை. இரண்டையும் ஊரில் முடித்துவிட்டு, பரிந்துரைக் கடிதத்தோடு கடல் டைவ்களை மட்டும் ஓராண்டுக்குள் வேறொரு மையத்தில் முடிக்கலாம் என்று பாடியின் முறையிலேயே வழி இருக்கிறது. விடுமுறை நாட்களைக் குளத்தில் கழிக்காமல் அந்தமான் பவளத்தில் கழிக்கலாம் என்பது உபரி லாபம். கலங்கல் நீரில் போவதற்கும் ஒரு பயன் உண்டு. அங்கே கூட்டாளியை இரண்டு மீட்டருக்குள் வைத்திருக்காமல் முடியாது, திசைகாட்டியைப் பார்க்காமல் முடியாது. கண்ணாடிபோன்ற நீர் இந்தப் பழக்கங்களைக் கற்றுத்தராது.

வாடகைக் கருவி அழுக்கு, யார் யாரோ கடித்த ரெகுலேட்டர், அதனால்தான் சொந்தமாக வாங்குகிறோம் என்பவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து, கடைக்குப் போவதற்குமுன் மையத்தை ஆராய்வது. கருவிகளை டைவ் முடிந்ததும் நன்னீரில் அலசுகிறார்களா, வெயிலில் வறுபடப் போட்டிருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்கலாம். ரெகுலேட்டர் கடைசியாக எப்போது பிரித்துச் சரிபார்க்கப்பட்டது என்று கேட்கலாம். ஏடு வைத்திருக்கும் மையம் தயங்காமல் காட்டும். சிலிண்டரின் தோளில் நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது கம்ப்ரசர். அது காற்றை எங்கிருந்து இழுக்கிறது? உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டரோ படகு எஞ்சினோ புகை கக்கினால், கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமில்லை, சுவையில்லை. கரையில் தலைவலி தரும் அளவு, 20 மீட்டரில் மும்மடங்கு அழுத்தத்தோடு உடம்பில் ஏறும். ஆக்சிஜன் பெட்டி படகில் இருக்கிறதா, அருகில் உயர் அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வர வேண்டும். மருத்துவக் கேள்வித்தாளைப் படிக்கக்கூட விடாமல் கையெழுத்து வாங்கும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். நான் சொன்ன அதே ஆய்வில், உயிரைப் பறித்த காயங்களில் இதயக் கோளாறு 26 சதவீதம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் அந்தத் தாளை வெறும் சம்பிரதாயமாக எண்ணக் கூடாது.

மாஸ்க்குக்கு அடுத்து எதை வாங்கலாம் என்றால், என் பதில் டைவ் கம்ப்யூட்டர். ஆழமும் நேரமும் சேரச் சேர உடம்பில் கரையும் நைட்ரஜனை அது கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் செய்து 1908இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து பிறந்த கணக்கு அது. இன்றைய கருவிகள் அந்த மரபில் வந்தவை. ஆனால் இதுவும் படித்தவர் கையில்தான் பேசும். உதாரணத்துக்கு நம் ஊர்ப் பயணத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ராமேசுவரம் பக்கம் காலையில் டைவ், மாலையில் கொடைக்கானல். உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும்போது காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகக் கூடாது. நாம்தான் விமானம் ஏறவில்லையே என்று தோன்றும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்குரியதுதான். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரமாவது, பல டைவுக்குப் பின் 18 மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும் என்ற விதி வத்தலக்குண்டு மலைப்பாதைக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் தன் திரையில் ஒரு விமானப் படத்தோடு காத்திருப்பு நேரத்தைக் காட்டும். அந்தச் சின்னப் படம் மலையையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்பது வகுப்பில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

பயிற்சியும் கருவியும் சந்திக்கும் இடம் ஒவ்வொரு டைவின் கடைசியிலும் வருகிறது. மேலே ஏறும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சிலிண்டர் பெரும்பாலும் காலி. உள்ளே இருந்த காற்றில் இரண்டு கிலோ எடை போய்விட்டது. இறங்கும்போது கீழே இழுத்த அலுமினியம் இப்போது மேலே மிதக்கப் பார்க்கிறது. ஆழத்தில் நசுங்கியிருந்த வெட்சூட் என்ற உடையும் மறுபடி உப்பத் தொடங்கும். கைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. குளத்தில் ஈயம் சரியாகப் பார்த்து, மூச்சாலேயே ஏறி இறங்கப் பழகியவர், கைகளைக் கோத்துக்கொண்டு, கூட்டாளியின் கண்ணையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி அங்கே அசையாமல் நிற்பார்.